கஞ்சி இறங்கிய சட்டைகள்

எர்மெலிந்தாவின் மகன் சீரிலோ, பிறந்த பதினைந்தாம் நாள் மாலை நாலு மணிக்கு அழத் தொடங்கினான். நாலே காலுக்குள் சான் ஃபெர்மின் ஊரின் ஆண்கள் அத்தனை பேருடைய சட்டைகளிலிருந்தும் கஞ்சி இறங்கிவிட்டது. நீதிபதியின் காலர் நனைந்த சோள ரொட்டிபோலத் தொங்கியது. பாதிரியாரின் வெள்ளைப் பட்டை கழுத்திலேயே சுருண்டு படுத்தது. மறுநாள், கஞ்சி காய்ச்சுகிற மரவள்ளி மாவின் விலை இரண்டு லெம்பிரா ஏறியது. பெண்களின் துணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றுக்குக் கஞ்சி போட யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

அதன்பின் குழந்தை தினமும் நாலிலிருந்து ஏழு வரை முழங்காலை வயிற்றோடு இழுத்துக்கொண்டு, முஷ்டியை இறுக்கி, முகம் சிவந்து அழுதது. அப்பா தோன் எவாரிஸ்தோ நகராட்சிச் செயலாளர். நாளைக்கு மூன்று சட்டை மாற்றுபவர். மூன்றையும் துவைத்து, கஞ்சி போட்டு, கரிப்பெட்டியால் தேய்த்தவள் எர்மெலிந்தாதான். பிரசவத்துக்கு முந்தின நாள் வரைக்கும், பிந்தின நாளிலிருந்தும். விறைப்பில்லாத சட்டையில் அவர் பேசியபோது, பேச்சில் விஷயமே இல்லை என்பதை ஊர் முதன்முறையாகக் கவனித்தது. இதைப் பொறுக்க முடியாது என்று நகராட்சி மன்றம் கூடியது. தாயின் கோபம் பாலில் இறங்கிப் பிள்ளையின் வயிற்றை முறுக்குகிறது என்று கண்டுபிடித்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அழுகை நிற்காவிட்டால், பிள்ளையைத் தலைநகரிலிருக்கும் எவாரிஸ்தோவின் அக்காளிடம் அனுப்பிவிடுவது. அக்காளிடம் டின் பால் இருந்தது, கோபம் இல்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பால் கொடுத்த அனுபவமுள்ள ஒருவரும் அந்த அறையில் இல்லை.

“நீ கோவப்படாம இரு, அவ்வளவுதான்,” என்றார் எவாரிஸ்தோ வீட்டுக்கு வந்து.

“மூணு வாரமா சேர்ந்தாப்பல ஒரு மணி நேரம் தூங்கல. புள்ளையையும் புடுங்கிட்டுப் போவீங்க. கோவப்படாம என்ன பண்ணட்டும் செயலாளர் ஐயா, டான்ஸ் ஆடட்டுமா?”

மருத்துவச்சி நிக்கோலாசா வந்து குழந்தையின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். “பாலுக்கு ஒரு கேடும் இல்ல. அப்பன் வேர்வையில நனைஞ்ச சட்டையைக் கழட்டிப் புள்ளையைச் சுத்தும்மா, அடங்கிடும்.” கரும்பு வெட்டுகிற வீடுகளில் அது அன்றாட வைத்தியம். இந்த வீட்டில்தான் சிக்கல்: எவாரிஸ்தோவுக்கு வாழ்நாளில் வியர்த்ததே இல்லை. ஆகவே அவர் கெட்டிக்காரத்தனமாக, காப்பி மூட்டை தூக்கும் ப்ளாசிடோவின் சட்டையை வாங்கி, தன்னுடையது என்று கொடுத்தனுப்பினார். குழந்தை அதை ஒருமுறை முகர்ந்தது. அன்றைய அழுகையில் மேயரின் மீசையும் விறைப்பிழந்து இறங்கிவிட்டது. எர்மெலிந்தாவும் முகர்ந்தாள். ஆறு வருஷம் ஒருவனின் சட்டையைத் துவைத்தவளுக்குச் சாட்சி தேவையில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு, மன்றம் மொத்தமும் வாசலில் நின்று பார்க்க, அவள் நகராட்சிக்குப் போனாள். “வேர்வையக்கூடவா இன்னொருத்தன்கிட்ட வாங்குவீங்க?” என்று கேட்டு, அலறிக்கொண்டிருந்த பிள்ளையை எவாரிஸ்தோவின் முன்கையில் குப்புறப் போட்டாள். “கல்லறை மேடு வரைக்கும் நடங்க. நின்னீங்கன்னா இன்னும் கத்துவான்.”

“நாளைக்குப் பாக்கலாம் எர்மெலிந்தா, இவங்கல்லாம் இருக்காங்க...”

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை.”

அவர் நடந்தார். அவள் பின்னாலேயே நடந்தாள்; அவர் நின்ற இடத்திலெல்லாம் முதுகில் ஒரு தள்ளு. முதல் ஏற்றத்தில் அவருக்கு மை வியர்த்தது. நீல நிறம், அலுவலக வாடை. இரண்டாவதில் முத்திரை அரக்கு. மூன்றாவது ஏற்றத்தில்தான் எல்லோருக்கும் வருகிற உப்புத் தண்ணீர் வந்தது. அவள் அங்கேயே சட்டையைக் கழற்றிப் பிள்ளையைச் சுற்றினாள். சீரிலோ அமைதியானான், பிறகு, அந்த மன்றத்தில் அதுவரை நிகழ்த்தப்பட்ட உரைகள் எல்லாவற்றையும்விடத் தெளிவாக ஒரு காற்றை வெளியேற்றிவிட்டுத் தூங்கிப்போனான். தீர்மானத்தை யாரும் ரத்து செய்யவில்லை. பிள்ளையை அனுப்பவும் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

எர்மெலிந்தாவின் கோபம் தணியவில்லை. வீட்டுக்குப் போய் அதே கோபத்தோடு பால் கொடுத்தாள். பிள்ளை சொட்டு விடாமல் குடித்துக் கொழுத்தது. அதற்கப்புறம் இரண்டு மாதம், நாலு மணியானால் செயலாளர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பனியனோடு மேட்டில் நடந்தார். இப்போது பதினொரு வருஷம் ஆகிறது. சான் ஃபெர்மினில் இன்றும் எந்தச் சட்டையிலும் கஞ்சி நிற்பதில்லை. மரவள்ளியை வேகவைத்துத் தின்கிறார்கள். கூட்டங்கள் சீக்கிரம் முடிகின்றன.