அரைக்கம்பத்துச் சனிக்கிழமைகள்

எங்கள் சபையில் வாய்விட்டு அழாமல் ஜெபம் இல்லை. முப்பது பேர் ஒன்றாகக் கையுயர்த்தி அழத் தொடங்கினால் யன்னல் கண்ணாடி அதிரும். இதற்காகவே ஒரு பாடசாலை மண்டபத்திலிருந்து எங்களை எழுப்பிவிட்டார்கள். பிறகு ஏழு மாதம் எங்கள் வீட்டுக் கராஜில்தான் ஆராதனை. அதனால் டென்மார்க்கில், ஹேர்னிங் நகருக்கு வெளியே இந்தச் சின்னத் தேவாலய மண்டபம் வாடகைக்குக் கிடைத்தபோது, போதகரான என் கணவர் தேவநாயகம் அதன் கதவுத் திறப்பைக் கையில் வாங்கியதும் முத்தமிட்டார்.

முதல் சனிக்கிழமை, பாதி ஜெபம் முடித்துத் தேநீருக்கு வெளியே வந்தால், முற்றத்தில் டெனிஷ் கொடி அரைக்கம்பத்தில் பறக்கிறது. இந்த நாட்டில் அப்படியென்றால் செத்தவீடு.

"ஆரெண்டு தெரியாட்டி என்ன? அந்தக் குடும்பத்துக்காக அழுது ஜெபிப்பம்," என்றார் இவர்.

இரண்டாம் பாதியில் இன்னும் பலமாக அழுதோம். அடுத்த சனியும் அதே கொடி, அதற்கடுத்த சனியும் அதே கொடி. ஐந்து கிழமையில் ஐந்து சாவு! இந்த டெனிஷ்காரருக்கு என்ன வந்துவிட்டது என்று எனக்கு நெஞ்சு பதறியது. கொடியைப் பார்க்கப் பார்க்க எங்கள் அழுகையும் கூடிக்கொண்டே போனது.

ஆறாவது கிழமை தேவாலயத்திலிருந்து கடிதம் வந்தது. மகள் மிரியம் வாசித்தாள்.

"அம்மா, ஒவ்வொரு சனியும் நீங்கள் கிறேதராம். அதைப் பற்றிக் கதைக்க வரட்டாம்."

கிறேதர். எனக்கு யாரும் அதை விளக்கத் தேவையில்லை. டெனிஷ் மொழிப் பாடசாலையில் முதல் கிழமையே படித்த சொல். பக்கத்தில் ஒரு குழந்தை அழுகிற படம் இருந்தது. மண்டபம் போகப்போகிறது, மறுபடியும் கராஜ்தான் என்று பயந்துபோனேன். பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும்.

"அழுறதுக்கும் இஞ்ச அனுமதி எடுக்க வேணுமோ?" என்றேன், தேவாலயத்துக்குப் போகும் வழியில் காரில்.

"ஞானமலர், அங்க நீர் வாய் திறக்கக் கூடாது," என்றார் இவர்.

மண்டபப் பொறுப்பாளர் பெந்த் எழுபது வயது மனிதர். கோப்பி ஊற்றித் தந்துவிட்டு எழுந்து நின்று டெனிஷில் சொன்னார்.

"முதல்ல என்ர அனுதாபம். ஐஞ்சு கிழமையா ஐஞ்சு செத்தவீடு. உங்கட சனத்துக்கு என்ன நடக்குது? நாங்கள் என்ன உதவி செய்யலாம்?"

நான் வாயைத் திறந்துவிட்டேன். "எங்கட ஆக்கள் ஒருத்தரும் சாகேல்லை! உங்கட ஆக்கள்தானே சாகினம்? கொடியைப் பாத்து நாங்கள் அழுதம்."

"நீங்கள் அழுறதைக் கேட்டுத்தானே நான் கொடி ஏத்தினனான்!"

மூன்று பேரும் சிரித்ததில் என் கோப்பி மேசையில் சிந்தியது. பிறகு அவர் கேட்டார்: "அப்ப ஏன் கிறேதர்?"

"நன்றியில," என்றேன். "பிள்ளையளுக்காக, வேலைக்காக, குண்டு விழாத கூரைக்காக. உங்கட இந்த மண்டபத்துக்காகவும்தான்."

பெந்த் மேசையில் சிந்திய கோப்பியைத் துடைத்தார்.

"என்ர மனிசியைப் புதைச்ச அண்டு நான் அழேல்லை. எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டினம். இந்தச் சனிக்கிழமையளிலதான், உங்கட சத்தத்துக்க ஒளிச்சுக்கொண்டு, மண்டபக் குசினியில, அடுப்படியில நிண்டு அழுதனான். தயவுசெய்து நிப்பாட்டிப் போடாதேங்கோ."

மண்டபம் எங்களுக்கே என்றார்.

அடுத்த சனி தேநீருக்கு வெளியே வந்தோம். கொடி கம்பத்தின் உச்சியில் பறந்தது. பிறந்தநாள் மாதிரி நல்ல நாளுக்குத்தான் இங்கே அப்படி ஏற்றுவார்கள்.

"ஆற்றை பிறந்தநாள்?" என்று கேட்டார் இவர்.

குசினிக் கதவில் நின்ற பெந்தின் கண்கள் சிவந்திருந்தன. "ஒருத்தற்றையும் இல்லை. நன்றியில அழுறம் எண்டு சொன்னியள். அதுக்கு உச்சியிலதானே ஏத்த வேணும்?"

இரண்டாம் பாதிக்கு உள்ளே போனபோது, என் பக்கத்தில் அவருக்கு இருக்க ஒரு கதிரை போட்டேன்.