பஸ்ஸிலிருந்து தெரிந்த குடும்பம்

தங்கை அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘அரை அங்குலம்’. யார் எதிரே வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே உடையைப் பார்த்துவிடுவாள். தோள் அரை அங்குலம் இறக்கம், கை அரை அங்குலம் நீளம் என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதி முடித்த பிறகுதான் “வாங்க” என்று வாய் திறப்பாள். எட்டு வருடம் ஆடைத் தொழிற்சாலையில் பட்டன் ஓட்டை மட்டும் போட்டவளுக்கு இந்தக் கண் எப்படி வாய்த்தது என்று யாருக்கும் தெரியாது. ஒருவேளை அதனாலேயே வாய்த்திருக்கலாம். முழுச் சட்டை ஒருநாளும் கைக்கு வராதவளுக்கு முழுச் சட்டை மேல் ஆசை இருக்காதா?

அந்த வேலையை விட்டு அவள் வெளியே வந்தது அந்த ஆசையில்தான். தான் போட்ட ஓட்டை எந்த ஊரில் யார் நெஞ்சின் மேல் இருக்கிறது என்று தெரியாமல் செத்துப்போகக் கூடாது என்று தங்கையிடம் சொன்னாள். தங்கை சிரிக்கவில்லை, அதற்காகவே அவளைப் பாராட்ட வேண்டும். இரண்டாம் மாடியில் ஓர் அறை பிடித்து, ஒரு மெஷினும் இஸ்திரி மேஜையும் போட்டு, தொளதொளத்த துணியைப் பிடித்தும் இறுக்கமானதைப் பிரித்து விட்டும் கொடுக்கிற கடையைத் திறந்தார்கள். மாடிப்படி பின்தெருவில் இருந்தது. முன்பக்கம் பெரிய சாலையைப் பார்த்து ஒரு ஜன்னல் மட்டும் உண்டு. அதற்கு நேர் கீழே சிக்னல்.

விளம்பரத்துக்கு வழியில்லாததால் ஜன்னலையே விளம்பரமாக்கிவிட்டாள். தினமும் காலையில், சரிசெய்து முடித்த ஏதாவது ஒரு துணியைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கவிடுவாள். பக்கத்தில் ஒரு சார்ட் அட்டை. அதில் தடித்த எழுத்தில் நாலு வரி. மேலே துணிக்கு என்ன குறை, என்ன செய்தாள் என்பது. கீழே, “இது தையல் கடை, வழி பின்தெருவில்” என்பது. துணிக்காரரைக் கேட்டுக்கொண்டுதான் போடுவாள், பேர் மட்டும் எழுத மாட்டாள். ‘பெரியவருக்கு இடுப்பு இளைத்துவிட்டது. மூன்று அங்குலம் பிடித்திருக்கிறேன்.’ ‘தம்பி வளர்ந்துகொண்டே போகிறான். காலில் மடித்து வைத்திருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது.’ இப்படிப் பதினோரு மாதம், ஞாயிறு நீங்கலாக ஒரு நாள் தவறவில்லை. காய்ச்சலில் படுத்த அன்றுகூடத் தங்கையை அனுப்பி மாட்டச் சொன்னாள்.

முதல் நாள் சாலையில் இறங்கி நின்று பார்த்தாள், பளிச்சென்று தெரிந்தது. அதன் பிறகு பார்க்கிற வேலை தங்கையுடையது. எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவளுக்கு அலுவலகம். வாரம் ஒரு தடவை அங்கிருந்து போனில் படம் பிடித்து அனுப்புவாள். “சூப்பரா தெரியுதுக்கா.”

தெரிந்து என்ன பயன்? பின்தெருக்காரர்கள் வந்தார்கள், அவர்கள் சொல்லி இரண்டு பேர் வந்தார்கள், அவ்வளவுதான். சாலைப் பக்கத்திலிருந்து ஒரு ஈ காக்கை இல்லை. மேலிருந்து குனிந்து பார்த்தால் பஸ்ஸின் கூரைதான் தெரியும். அதற்குள் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களே, ஒருத்தருக்குமா சட்டை தொளதொளக்கவில்லை? இந்தக் கேள்வி அவளைக் குடைந்தது. வியாபாரம் இல்லாத துக்கத்தைவிட அதிகமாக அந்தக் குடைச்சல்தான் தூக்கத்தைக் கெடுத்தது என்று சொல்ல வேண்டும்.

பதினோராம் மாதம் பழைய சூப்பர்வைசர் போன் செய்தார். “உன் இடம் காலியா இருக்கு. வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்து போட்டுட்டுப் போ, திங்கள்லேருந்து வேலை. அதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாதும்மா.”

இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், வேலையில் உடைக்கு மேல் போடுகிற பழைய கம்பெனி கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தாள். பட்டன் சேரவில்லை. இடுப்பில் ஒன்றரை அங்குலம் பிரித்து விட்டாள். வெள்ளிக்கிழமை காலை அதையே ஜன்னலில் தொங்கவிட்டாள். அட்டையில் எழுதினாள்: ‘இது என்னுடைய கோட்டு. இடுப்பில் ஒன்றரை அங்குலம் விட்டிருக்கிறேன். திங்கள் முதல் வேலைக்குப் போகிறேன். இதுவரை வந்தவர்களுக்கு நன்றி, கடை இன்றோடு மூடப்படுகிறது.’ கடைசி வரியை எழுதும்போது அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கினாள்.

முன்பெல்லாம் தொழிற்சாலை வேன் வீட்டு வாசலுக்கே வரும். பஸ்ஸில் அந்தச் சாலையில் போனதே இல்லை. முந்தின நிறுத்தத்தில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்தாள். பஸ் இரண்டு நிமிடத்தில் சிக்னலில் வந்து நின்றது.

நின்றதும் விசித்திரம் ஒன்று நடந்தது. இடது பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் கழுத்தை வளைத்து மேலே பார்த்தார்கள். வலது பக்கம் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் கிழிப்பதை நிறுத்தினார்.

“என்ன போட்டிருக்காங்க இன்னிக்கு?” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

“கோட்டு மாதிரி இருக்கு. இருங்க, படிக்கறேன்.” கண்டக்டர் சத்தமாக, செய்தி வாசிக்கிற தோரணையில் வாசித்தார். “இது என்னுடைய கோட்டு. இடுப்பில் ஒன்றரை அங்குலம் விட்டிருக்கிறேன். திங்கள் முதல் வேலைக்குப் போகிறேன்.”

அதோடு நிறுத்திவிட்டார்.

பிறகு யாரோ கை தட்டினார்கள்.

“ஜன்னலம்மாவுக்கு வேலை கிடைச்சிடுச்சுப்பா!”

“பின்ன? எத்தனை நாள்தான் அந்தக் குடும்பத்துக்கே தைச்சுப் போட்டுக்கிட்டிருப்பாங்க? இன்னிக்குதான் அவங்க துணியை அவங்க எடுத்துத் தைச்சிருக்காங்க.”

“அந்த வளர்ற பையனை இனிமே யார் பார்த்துப்பாங்க?”

“அவன் அக்கா இருக்கால்ல, புதுசா வேலைக்குச் சேர்ந்தாளே, கை நீளமா இருக்குன்னு போன மாசம் போட்டிருந்தாங்களே, அவ பார்த்துப்பா.”

அவளுக்குத் தலை சுற்றியது. எந்தக் குடும்பம்? எந்த அக்கா? அந்தப் பெண் பின்தெருக் கடைசி வீட்டுக்காரி, வளர்கிற பையன் பால்காரர் மகன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூடக் கிடையாது. அவளும் கழுத்தை வளைத்து மேலே பார்த்தாள்.

கோட்டு தெரிந்தது. மூன்று வரி தெரிந்தது. நாலாவது வரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய பல் சிரித்தது. முதல் மாடிக்கு வந்த பல் டாக்டர் மாட்டிய பலகை அது, சுவரிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு நின்றது. கடை திறந்து இரண்டாம் மாதம் வந்தவர். எதிர் மாடியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்தப் பலகை எதையும் மறைக்காது. கீழே இருந்து நிமிர்ந்து பார்க்கிறவர்களுக்கு மட்டும், ஜன்னலின் கீழ்ப்பாதியை அது துடைத்துவிட்டிருந்தது. கடை, வழி, பின்தெரு எல்லாம் பல்லுக்குப் பின்னால் போய்விட்டன. பத்து மாதமாக இந்தப் பஸ் படித்ததெல்லாம் ஒரு பெரிய வீட்டின் நடப்பு.

சிக்னல் விழுந்து பஸ் நகர்ந்தது.

“அது வீடு இல்லைங்க,” என்றாள். குரல் எழும்பவில்லை. மறுபடி சொன்னாள். “அது கடை. ஆல்டரேஷன் கடை.”

முன் சீட்டில் இருந்த மூக்குக்கண்ணாடி அம்மா திரும்பினார். கடுமையான முகம். “கடையா? தினமும் பார்க்கறோம், எங்களுக்குத் தெரியாதா? நீங்க இன்னிக்குதான் ஏறுறீங்க.”

“அது என் கடைங்க.”

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் சிரித்துக்கொண்டே டிக்கெட் கொடுக்க வந்தார். அவள் டிக்கெட்டை வாங்கவில்லை. அவர் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பை மாட்டி மாட்டி உங்க வலது தோள் இறங்கிடுச்சு. சட்டை மட்டும் ரெண்டு பக்கமும் ஒண்ணா தைச்சிருக்கு. அதான் காலர் அந்தப் பக்கம் தூக்கிக்குது. தோள் தையலை அரை அங்குலம் இறக்கினா படுத்துக்கும்.”

கண்டக்டரின் கை தானாகக் காலருக்குப் போனது. சிரிப்பு நின்றுவிட்டது. பத்து மாதமாகச் சத்தம் போட்டு வாசித்த வாக்கியங்கள் அவருக்குத் தெரியாதா?

“ஐயோ, அவங்கதான்யா,” என்றார்.

அப்புறம் கேள்விகள் நாலா பக்கமிருந்தும் வந்தன. மூக்குக்கண்ணாடி அம்மாவின் கேள்வி மற்றதையெல்லாம் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. “பெரியவர் எப்படி இருக்காரு? முதல்ல மூணு அங்குலம் பிடிச்சீங்க. அப்புறம் ரெண்டு. போன மாசம் மறுபடி ரெண்டு. மனுஷன் உயிரோட இருக்காரா?”

“அவர் ஒருத்தர் இல்லம்மா, மூணு பேரு. ஒருத்தர் தினமும் நடக்கறாரு, இளைச்சிட்டாரு. இன்னொருத்தர் மகனோட பேன்ட்டை வாங்கிப் போட்டுக்கிட்டவரு. மூணாமவருக்கு இடுப்பெல்லாம் ஒழுங்காதான் இருக்கு, கடையில பெரிய சைஸ் எடுத்துட்டாரு.”

“மூணு பேரா?” அந்த அம்மா அவளையே பார்த்தார். “நான் அவருக்காக எத்தனை நாள் வேண்டிக்கிட்டேன் தெரியுமா?” என்று சொல்லிவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தொழிற்சாலை வாசலில் இறங்கினாள். சூப்பர்வைசர் பேனாவோடு காத்திருந்தார்.

“நான் வரலைண்ணே.”

“வேற எங்கயாவது சேர்ந்துட்டியா?”

“இல்லண்ணே. நடுவுல ஒரு பல்லு மறைச்சுக்கிட்டிருந்திருக்கு. இப்பதான் பார்த்தேன்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வேலைக்கு எடுக்காமல் போனதே நல்லது என்று நினைத்திருப்பார்.

திரும்பி வந்ததும் அட்டையைக் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதினாள். கடைசி வரி முதல் வரிக்கு ஏறியது. தையல் கடை, மாடிப்படி பின்தெருவில், அம்புக்குறி. தங்கை ஓடி வந்து நடந்ததைக் கேட்டாள், வயிறு வலிக்கச் சிரித்தாள், கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டாள். “எல்லாம் சரிக்கா. வேலையை ஏன் வேணாம்னு சொன்னே? அவங்க கதை கேட்டவங்க. துணி குடுப்பாங்கன்னு என்ன நிச்சயம்?”

சனிக்கிழமை ஒருவரும் வரவில்லை. திங்கட்கிழமையும் இல்லை. காலை பஸ் வந்து நின்றபோது அவள் மாடிப்படிச் சத்தத்துக்குக் காது கொடுத்தாள். பஸ் போய்விட்டது. செவ்வாயும் அப்படியே. கதையைக் கெடுத்துவிட்டோம் என்று தோன்றியது. இருந்த குடும்பத்தைக் கலைத்து, அந்த இடத்தில் ஒரு கடையை வைத்தால் யார் நிமிர்ந்து பார்ப்பார்கள்? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தனக்கும் ஒரு வேலை கிடைத்திருக்கும், அவர்களுக்கும் ஒரு குடும்பம் மிஞ்சியிருக்கும். இருந்தாலும் புதன்கிழமை காலை அடுத்த துணியை மாட்டினாள்.

அன்று சாயங்காலம் கண்டக்டர் வந்தார். பையில் நாலு யூனிஃபார்ம் சட்டை. “நாலுக்கும் தோள் இறக்கணும். ஆனா ஒண்ணு, ஜன்னல்ல என் சட்டை தொங்கணும். நான்தான் வாசிப்பேன்.”

வியாழக்கிழமை மத்தியானம் படியேறி வந்தது மூக்குக்கண்ணாடி அம்மா. இளைப்பு வாங்கியது. தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு பேன்ட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

“வீட்டுக்காரரோடது.”

அவள் உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். இடுப்பில் கைத்தையல், கறுப்பு நூல், கோணல் மாணலாக. ஒரு தடவை பிடித்து, அதற்கு மேல் இன்னொரு தடவை பிடித்திருந்தது.

“நான்தான் போட்டேன்,” என்றார் அந்த அம்மா. “ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சப்போ. அங்கே போற வழியிலதான் உங்க ஜன்னல். உங்க வீட்டுப் பெரியவர் இளைக்கும்போதெல்லாம் இவரும் இளைச்சுக்கிட்டிருந்தாரு.”

பஸ்ஸில் தான் போட்டு உடைத்தது என்னவென்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வேலையைப் பார்ப்போம் என்று டேப்பை எடுத்தாள். “இப்போ எவ்வளவும்மா பிடிக்கணும்?”

“பிடிக்க வேணாம்.” அந்தக் கடுமையான முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. “பிரிச்சு விடணும். நேத்து போட்டுப் பார்த்தாரு, பட்டன் சேரல. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டறாரு, பாரு பாருன்னு. வீட்டுல நாங்க ரெண்டே பேரு. நான் யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?” மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “நாளைக்குக் காலைல பஸ்ஸு வர்றதுக்குள்ள மாட்டிடுவீங்கல்ல?”

அவள் மெஷினில் உட்காரவில்லை. முதலில் ஒரு சார்ட் அட்டையை விரித்து மார்க்கரைத் திறந்தாள்.

“பெருசா எழுதும்மா,” என்றார் அந்த அம்மா. “நின்னுக்கிட்டு வர்றவங்களுக்கும் தெரியணும்.”