விபூதி போட்டுத் துலக்கிய ராணி

வாய்க்கரிசிக்கு அரிசி எடுக்கப் படியோடு சூடாமணி அடுக்களைப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பங்கஜம் அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்தாள்.

கூடத்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செத்தவனின் பெண்சாதி இப்படி விசுக்கென்று எழுந்து போனால், ஒன்று மயக்கம் வரவேண்டும், இல்லையென்றால் பால் பொங்கவேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

"நீங்க இருங்க மதினி, நான் அள்ளிட்டு வாரேன்."

"டிரம்முல கல்லும் நெல்லுமாக் கெடக்கு. நான்தான் பாத்து எடுக்கணும்."

"வாய்க்கரிசிக்கு யாரு மதினி கல்லு பொறுக்குவாக?"

சூடாமணி வைரவனின் தங்கை. அண்ணன் சாவிலும் சந்தேகத்தைக் கேட்டுத் தீர்த்துக்கொண்டுதான் அழுவாள். பங்கஜம் படியை வாங்கிக்கொண்டு அடுக்களைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டாள். அடியில் அந்த அமெரிக்கப் பொட்டலம் தட்டுப்பட்டது. எடுத்து இடுப்புக் கொசுவத்துக்குள் செருகி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்ட பிறகுதான் மூச்சு வந்தது.

பொட்டலம் காலை ஒன்பது மணிக்குக் கூரியரில் வந்தது. வைரவன் போனது பதினொன்றரைக்கு.

தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தாலும் வைரவனுக்கு உயிர் பழைய காசுகளில். மூன்று வருஷத்துக்கு முன்னால் காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டைப் பிரித்து விற்றபோது, நாற்பது வெள்ளிக் காசுகள் அடங்கிய துணிப்பையை வாங்கி வந்து, பிரித்துக்கூடப் பார்க்காமல் பீரோவில் வைத்தார். மறுநாள் ஆடி வெள்ளி. லட்சுமி படத்துக்கு முன்னால் வைக்க ஒரு வெள்ளிக் காசு வேண்டுமென்று பங்கஜம் பையிலிருந்து ஒன்றை எடுத்தாள். கரியாய்க் கறுத்துக் கிடந்தது. வெள்ளிச் சாமான் என்றால் விபூதி போட்டுத் துலக்குவதுதானே வழக்கம்? பாத்திரக்கடைக்காரர் பெண்சாதிக்குக் கேட்கவா வேண்டும்! கட்டை விரலால் அழுத்தித் துலக்கினாள். பூஜை முடிந்ததும் பையிலேயே போட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வைரவன் பையை அவிழ்த்தார். முப்பத்தொன்பது கறுப்புக் காசுகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் ஜொலித்தது. கம்பெனி காலத்து ராணி ரூபாய், ஆயிரத்தெண்ணூற்று நாற்பது. மனுஷர் கூடத்தில் குதித்தார். "பங்கஜம், இது யார் கையும் படாத காசுடீ!"

அந்த நேரத்தில் அவள் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதைத் திறப்பது கஷ்டமாகிக்கொண்டே போயிற்று.

மயிலை நாணயவியல் கழகத்தின் தலைவர் சுவாமிநாதன் வீட்டுக்கே வந்து பார்த்தார். பேங்கில் ரிட்டயர் ஆனவர். உலகத்திலுள்ள எதற்கும் சான்றிதழ் கொடுக்கத் தனக்கு அதிகாரம் உண்டென்று நம்புகிறவர். பூதக்கண்ணாடியை விபூதிப் பட்டைக்குக் கீழே பொருத்திக்கொண்டு, அரை மணி நேரம் உம் கொட்டிவிட்டு, "மிண்ட் கண்டிஷன் ஓய். தங்கசாலையிலேர்ந்து நேரா உம்ம பீரோவுக்கு வந்திருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார்.

அதே மேஜையில், இருபத்தைந்து வருஷச் சிநேகிதர் ஷரஃபுதீன் கண்ணாடியே இல்லாமல் பார்த்தார். பழைய காசு வியாபாரி. "வைரவா, இது விபூதி போட்டுத் தேச்ச காசுடா. தேச்சா மதிப்பு போச்சு. ராணி கன்னத்தப் பாரு, கோடு கோடாக் கீது. உன் வீட்ல யாரோ…" என்றவர், காபித் தம்ளர்களோடு நின்ற பங்கஜத்தை நிமிர்ந்து பார்த்தார். "சரி வுடு. எனக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சு."

வைரவன் விடவில்லை. விலையை அடிக்கப் பார்க்கிற வியாபாரிப் புத்தி என்று சொல்லிவிட்டார். ஷரஃபுதீன் காபியைக் குடிக்காமல் எழுந்து போனார். மூன்று வருஷமாக வாசல்படி ஏறவில்லை.

காசுகளைப் பார்த்துத் தரம் சொல்லி, கண்ணாடிப் பெட்டிக்குள் சீல் வைத்து அனுப்ப அமெரிக்காவில் கம்பெனி இருக்கிறதாம். நியூஜெர்சியிலிருந்த சூடாமணியின் மகன் மூலமாக ராணி பிளேன் ஏறினாள். பாயின் வாயை அடைக்கவேண்டும், அவ்வளவுதான் வைரவனுக்கு. போன மாதம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அவர் கேட்டது மருந்தை அல்ல, தபாலை. அதிர்ச்சி தரும்படி எதுவும் சொல்லவேண்டாம் என்று டாக்டர் எச்சரித்து அனுப்பியிருந்தார்.

காலையில் கூரியர்க்காரனிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி, அடுக்களையில் வைத்துப் பிரித்தாள். கண்ணாடிப் பெட்டி இல்லை. வெறும் பிளாஸ்டிக் உறைக்குள் ராணி. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. இங்கிலீஷில் நாலு வார்த்தை. அதில் ஒன்று, அவள் நேரத்துக்கு, தெரிந்த வார்த்தையாகப் போய்விட்டது. தெருமுனை டிரை கிளீனர்ஸ் போர்டில் இருபது வருஷமாகப் பார்க்கிற அந்தக் 'கிளீன்'. ஏழு கடல் தாண்டி ஒருவன் அவள் விபூதியைக் கண்டுபிடித்துவிட்டான்.

"தபால் வந்துச்சா?" என்றது கூடத்துக் கட்டில்.

"இல்லைங்க."

காபி கொடுத்தபோது கேட்டார். மாத்திரை கொடுத்தபோது கேட்டார். கடைசியாகக் கேட்டபோது அவள் கையைப் பார்த்தார்.

"என்ன, முழங்கை வரைக்கும் அரிசித் தூசி? டிரம்முக்குள்ள தலைகீழா விழுந்தியா?"

சிரித்தாற்போல்தான் இருந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு கஞ்சி எடுத்துவரப் போனாள். திரும்பி வந்தபோது அவர் அடுக்களை வாசலைப் பார்த்தபடியே போயிருந்தார்.

படியோடு கூடத்துக்கு வந்தாள். சுவாமிநாதன் நாற்காலியில் இருந்தார். பிண வீட்டில் யாரும் நாற்காலியில் உட்காருவதில்லை, தலைவர் உட்கார்ந்திருந்தார்.

"ஈடு செய்ய முடியாத இழப்பு, பங்கஜம்மா. கழகத்துக்கே இழப்பு. அது சரி, அமெரிக்காவிலேர்ந்து பார்சல் வந்துடுத்தோ? கூரியர்க்காரன் காலம்பற இந்தத் தெருவுல சைக்கிளை நிறுத்திண்டிருந்தான்னு ஆத்துல சொன்னா."

இடுப்பில் பொட்டலம் குத்தியது.

"என் மகன் அனுப்பிப் பத்து நாளாச்சே" என்றாள் சூடாமணி, மூக்கைச் சிந்திக்கொண்டே. "வந்திருக்கணும்."

"வந்திருந்தா இங்கேயே வாசிச்சுடலாம். அவர் ஆத்மா குளிர்ந்துபோகும்" என்றார் தலைவர்.

மகன் வெங்கடேஷ் எழுந்தான். "அப்பா மேஜையில பாக்கறேன் சார்."

மேஜை முடிந்தால் பீரோ, பீரோ முடிந்தால் அடுக்களை. பங்கஜத்துக்கு உள்ளங்கை வியர்த்து, படியிலிருந்த அரிசி கையில் ஒட்டியது. நாலு தெரு கேட்கும்படி தலைவர் வாசிப்பார். நல்ல இங்கிலீஷில் வாசித்து, பிறகு தமிழில் விளக்குவார். யார் தேய்த்தது என்று சூடாமணி கேட்பாள். கேட்காமல் விடுகிறவளா அவள்?

வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்த சின்னப்பையன் எட்டிப் பார்த்தான். பெயர்தான் சின்னப்பையன், வயது அறுபது. "இன்னாமா, நெத்திக் காசு வெக்கலியா? ஒத்த ரூபா குடு. நேரமாய்க்கினே போவுது."

"நான் தாரேன்" என்றாள் பங்கஜம்.

பூஜை அலமாரிப் பக்கம் திரும்பி நின்று இடுப்பைத் தடவினாள். உறையைக் கிழித்த சத்தம் தனக்கே இடிபோலக் கேட்டது. துண்டுச் சீட்டு ரவிக்கைக்குள் போயிற்று. காசின் முகத்தில் சந்தனத்தை அப்பினாள். நெற்றியில் வைத்தால் அவரோடு வெளியே போய்விடும். சுடுகாட்டில் யாரோ எடுத்துக்கொள்வார்கள். பிறகு பார்சல் வரவே இல்லை, அவ்வளவுதான். அந்த நெற்றியைத் தொட்டபோதும் அவள் மனசில் ஓடியது இதுதான். பார்த்த பெண்களுக்குத்தான் அடக்க முடியாமல் அழுகை வந்தது.

காசை அழுத்திவிட்டு நிமிர்ந்தவள், வாசலைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். கையில் ரோஜா மாலையோடு ஷரஃபுதீன்.

"வாங்கோ பாய்" என்றார் சுவாமிநாதன். "லெட்டர் எப்ப வேணா வரும். அன்னிக்குச் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கறதுக்குத் தயாரா இருங்கோ."

"அவன் படுத்துக்கினு இருக்கான் சார். அப்பறம் பேசலாம்."

மாலையைப் போட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்றார். பங்கஜம் தரையைப் பார்த்தாள். அந்தக் கண் கண்ணாடி இல்லாமலே பார்க்கிற கண்.

அழுகையும் சங்கும் ஒன்றாக எழ, நாலு பேர் குனிந்து தூக்கினார்கள். வெங்கடேஷ் தலைமாட்டைக் கொஞ்சம் வேகமாகத் தூக்கிவிட்டான். தலை சாய்ந்தது. நெற்றிக் காசு நழுவி, தரையில் டணாரென்று விழுந்து, உருண்டு, சுவாமிநாதனின் நாற்காலிக் காலில் முட்டிப் படுத்தது.

தலைவர் எடுத்தார். வேட்டித் தலைப்பால் சந்தனத்தை அழுத்தித் துடைத்தார். இரண்டு பக்கமும் துடைத்தார். வெளிச்சத்தில் நீட்டினார்.

பங்கஜம் ரவிக்கைக்குள் இருந்த சீட்டை முந்தானையோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"இன்னா சார், பழைய காசாக் கீது. வெள்ளியா?" என்றான் சின்னப்பையன்.

"வெள்ளிதான். ராணிக் காசு." தலைவர் உதட்டைப் பிதுக்கினார். "ஆனா நன்னா தேச்சுட்டா. பளபளன்னு இருக்கு பாரு, அதுலேயே தெரியறது. பொம்மனாட்டிகள் கைபட்டுக் கெட்டுப்போன காசு. வைரவன் கலெக்ஷன்ல இதெல்லாம் சேராது. இதுக்குப் போய்க் கவலைப்படாதே, வை."

ஒரு கை குறுக்கே வந்தது. "குடுங்க சார், நான் வெக்கறேன்."

ஷரஃபுதீன் காசை வாங்கினார். முகத்தில் விரல் படாமல், விளிம்பை மட்டும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, ஜன்னல் பக்கமாக ஒரே ஒரு தரம் திருப்பினார். ராணியின் கன்னத்தில் வெளிச்சம் விழுந்தது. அவர் பார்வை காசிலிருந்து எழுந்து பங்கஜத்திடம் வந்து, சற்று நின்றது. மூன்று வருஷத்துக்கு முன்னால் காபித் தம்ளர்களுக்கு மேலே நின்றதைப்போலவே.

"பார்சல் மேஜையில இல்லம்மா" என்றான் வெங்கடேஷ், கையில் தகப்பனின் தலையைத் தாங்கியபடி. "வரலபோல."

"வரலபோல" என்றார் ஷரஃபுதீன்.

பிறகு குனிந்து, வைரவனின் நெற்றியில், இலை வளையத்துக்குள் ஒரு ரூபாய் என்று எழுதியிருந்த பக்கம் மேலே தெரிய, ராணியைக் குப்புறப் படுக்கவைத்து, விளிம்பிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தார்.