மாட்டுக் கொட்டில் பார்க்கப் போன ஞாயிறு

"மாட்டுக் கொட்டிலோ?" என்று கேட்டா மச்சாள். இடியப்பம் எடுக்கப் போன கை அந்தரத்தில் நின்றது.

தரகர் தபாலில் அனுப்பிய படத்தை நான் சாப்பாட்டு மேசையில், சம்பல் கோப்பைக்கும் சொதிச் சட்டிக்கும் நடுவில் விரித்து வைத்திருந்தேன். கறுத்த பலகைச் சுவர், சிவப்பு ஓட்டுக் கூரை, பின்வாசலால் இறங்கி நடந்தால் கால் நனைகிற தூரத்தில் தண்ணீர். லண்டனுக்கு வெளியே கென்ட் பக்கம், கடல் உள்ளே வந்து வந்து போகிற ஓர் உப்பாற்றங்கரைக் கிராமம். பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் ஒரு சஞ்சிகையில் அந்த விளம்பரத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

"இப்ப கொட்டில் இல்லை மச்சாள். முந்தித்தான். கோதுமையும் வைக்கோலும் அடைஞ்ச இடம். மாடு ஒரு மூலையில கட்டினவையாம். இப்ப குசினி, குளியலறை எல்லாம் வைச்சு வீடாக்கியாச்சு. முந்நூறு வருசப் பழசு."

"முந்நூறு வருசமா மாடு படுத்த இடத்தில போய்ப் படுக்கவோ என்ர தம்பி லண்டனுக்கு வந்தவன்?"

தம்பி எனப்பட்டவர், அதாவது என் கணவர் செல்வரத்தினம், சொதியை ஏதோ ஆய்வுகூடத்தில் இருப்பவர்போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில்வேயில் சிக்னல் எஞ்சினியர். ஊரிலுள்ள ரயிலெல்லாம் அவர் சொல்லுக்கு நிற்கும், போகும். வீட்டில் மட்டும் அவருடைய அக்கா, என் மச்சாள் சிவனேஸ்வரி, பச்சை விளக்குக் காட்டாமல் மனிதர் ஒரு சட்டைகூட வாங்கமாட்டார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை அக்கா வளர்த்தவ, அதனால் அதில் நான் குறை சொல்வதில்லை. வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

எனக்கு அந்த வீடு வேணும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டின் முன்னறை ஒரு நாளும் வெறுமையாக இருந்ததில்லை. ஹீத்ரோவில் இறங்கிய சொந்தம், சொந்தத்தின் சொந்தம், பேர் மட்டும் தெரிந்த சொந்தம் எல்லாம் அந்தக் கம்பளத்தில் படுத்து எழும்பித்தான் வேலை தேடிப் போனது. போனவர்கள் போக மச்சாள் நிலைத்துவிட்டா. நான் ஒருவரையும் வராதே என்று சொன்னவளில்லை. ஆனால் ஐந்து வருசமாக என் சொந்த வீட்டில் கையைக் காலை நீட்டிச் சத்தமாகக் கொட்டாவி விட எனக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை. அந்தப் படத்தில் கூரை அவ்வளவு உயரம். பார்த்தபோதே எனக்கு மூச்சு நீளமாக வந்தது.

"சும்மா பாத்திட்டு வருவம். பாக்கிறதுக்குக் காசோ?" என்றேன்.

"பாக்கிறதெண்டால் பாப்பம். ஆனால் மூண்டு பேராப் போறேல்லை," என்றா மச்சாள்.

அங்கேதான் கோபாலகிருஷ்ணன் வந்து சேர்ந்தார். இரண்டு வீடு தள்ளி இருக்கிற மலேசியாக்காரர். படிக்க வந்து இங்கேயே தங்கி, கவுன்சிலில் கட்டடப் பகுதியில் வேலை. நல்ல காரியத்துக்கு நாலாவது ஆளாகக் காருக்குள் ஏறும்படி கேட்டபோது, மனிதர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அளவு நாடாவையும் டோர்ச் லைட்டையும் எடுத்துக்கொண்டு வந்து ஏறினார். மச்சாள் வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக்கூடாதென்று ஒரு சீப்பு வாழைப்பழமும், விடிய எழும்பிச் சுட்ட உளுந்து வடையும் கட்டி எடுத்தா. பட்டுச் சேலை வேறு. வீடு பார்க்கப் போகிறோமா, பெண் பார்க்கப் போகிறோமா என்று எனக்கே சந்தேகம்.

வைகாசி மாதத்து வெயில். கடைசிச் சந்தியில் திரும்பியதும் உப்புக் காற்று காருக்குள் அடித்தது. "ஐயோ, பாருங்கோ, பாருங்கோ!" என்று நான் கத்தினேன். கடல் வற்றிப் போயிருந்தது, சேற்றில் படகுகள் பக்கம் சாய்ந்து படுத்திருந்தன. அதற்கு இந்தப் பக்கம், ஒரு குறுகிய ஒழுங்கைப் பாதையின் முடிவில், கறுப்பும் சிவப்புமாக அது நின்றது. படம் பொய் சொல்லவில்லை. வாசலில் 'விற்பனைக்கு' என்ற தரகர் பலகை மட்டும் குடித்தவன்போலச் சாய்ந்து நின்றது.

கதவைத் திறந்த மிஸிஸ் பென்ஃபோல்டுக்கு எழுபது வயதிருக்கும். நாலு பேரையும், பட்டுச் சேலையையும், வாழைப்பழத்தையும் பார்த்து ஒரு கணம் திகைத்துப்போனா. பலகையை முதலில் கவனித்தது என் கணவர்தான். விழப்போகிறது என்றார். அது தினமும் நடப்பதுதான், காலையில் நான் நிமிர்த்துவேன், பின்னேரத்துக்குள் ஆற்றுக் காற்று சாய்த்துவிடும் என்று அவ சிரித்தா. புருசன் போய் மூன்று வருசம், பிள்ளைகள் இல்லை, இவ்வளவு பெரிய இடத்தில் தனியாக என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள், அதனால்தான் விற்கிறேன் என்றா. 'எல்லோரும்' என்பதை அவ சொன்ன விதம் எனக்கு நன்றாக விளங்கியது. எனக்கும் ஓர் 'எல்லோரும்' இருக்கிறார்கள்.

உள்ளே போனதும் நான் வாயைத் திறந்தபடி நின்றேன். ஒரே மண்டபம். தலைக்கு மேலே ஒருவர் கட்டிப்பிடிக்க முடியாத தடிப்பில் தீராந்தி மரங்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. கோடாலி வெட்டிய அடையாளம் அதில் இன்னும் இருந்தது. முன்பு வண்டில் உள்ளே வந்த பெருவாசலை முழுவதும் கண்ணாடியாக்கியிருந்தார்கள். அதால் வந்த வெயில் நிலத்துக் கல்லில் விழுந்து, எதிர்ச் சுவர்வரை ஏறியது. கோபாலகிருஷ்ணன் ஒவ்வொரு தூணையும் தட்டிக் காது வைத்துக் கேட்டார். "ஓக் மரங்க. இரும்பு மாதிரி இருக்கு. நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் நிக்கும்," என்றார். என் கணவர் நடந்து நடந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சின்னப் பெடியனின் சந்தோசம் வந்துவிட்டதைக் கண்டேன். ஆனால் உடனே அக்காவைப் பார்த்தார்.

அக்கா சுவரை மோந்து பார்த்துக்கொண்டிருந்தா.

"இப்பவும் மாட்டு வாசம் வருது," என்றா.

"வராது மச்சாள். நீங்கள் நினைக்கிறதுதான் வருது."

"கதவுமில்லை, அறையுமில்லை. இருமினால் ஊருக்குக் கேக்கும். சாமிப்படம் எங்க வைக்கிறது? வேண்டாம் தம்பி. போவம்."

எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே. ஆனால் அந்த நேரம் மிஸிஸ் பென்ஃபோல்ட், இவ்வளவு தூரம் வந்தீர்கள், கோப்பி குடிக்காமல் போகக்கூடாது என்று எங்களைக் குசினி மேசையில் இருத்திவிட்டா. பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டுப் போகிறவர்களைத்தான் அவ இதுவரை கண்டிருக்கிறா. சாப்பாட்டோடு வருகிறவர்களைக் கண்டதில்லை. வடையை எடுத்துக் கடித்து, உறைப்பில் கண் கலங்க, இன்னொன்று எடுக்கலாமா என்று கேட்டா. மச்சாளுக்கு முகம் கொஞ்சம் இளகியது. அடுப்பில் கோப்பிக்குப் பால் இருந்தது. மிஸிஸ் பென்ஃபோல்ட் தானும் புருசனும் இந்த இடத்தை வாங்கியபோது கூரைக்குள் ஆந்தை குடியிருந்ததையும், இரண்டு வருசம் ஒரு கூடாரத்தில் படுத்து, ஒவ்வொரு ஓடாகத் தாங்களே ஏற்றியதையும் சொல்லிக்கொண்டிருந்தா. சொல்கிற ஆவலில் பாலை மறந்துபோனா.

பால் பொங்கியது.

சட்டி விளிம்பில் வெள்ளையாக எழும்பி நின்றதைப் பார்த்து "ஓ, நோ!" என்று கிழவி பாய்ந்து எழும்பினா. ஆனால் என் மச்சாள் அவவுக்கு முதல் பாய்ந்து அவவின் கையைப் பிடித்துவிட்டா.

"தொடாதேங்கோ! தொடாதேங்கோ! பொங்கட்டும்!"

பால் பொங்கி, சட்டி விளிம்பால் வழிந்து, அடுப்பில் சீறியது. மச்சாள் கைகூப்பினா. என் கணவர் தன்னை அறியாமல் எழும்பி நின்றார். கோபாலகிருஷ்ணனும் எழும்பி நின்றார். குசினி முழுதும் தீய்ந்த பால் வாசம்.

"கிழக்கு எது? கேள் கௌரி, கிழக்கு எது எண்டு கேள்!"

கேட்டேன். மிஸிஸ் பென்ஃபோல்ட் விரலால் கடல் பக்கத்தைக் காட்டினா. பால் அந்தப் பக்கமாகத்தான் வழிந்திருந்தது.

"தம்பி," என்றா மச்சாள். "எடு. இந்த வீட்டை எடு. மாடு லட்சுமியடா. லட்சுமி இருந்த இடம்."

ஐந்து நிமிடத்துக்கு முதல் மாட்டு வாசம் வந்த இடம்! நான் மச்சாளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் கொஞ்சிவிட்டேன். கலியாணம் முடித்துப் பதினாறு வருசத்தில் அதுதான் முதல் தடவை. என் கணவர் சிரித்த சிரிப்பு கூரைவரை போய்த் திரும்பி வந்தது. எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது. இனி ஆர் தடுக்கிறது? வீடு எங்களுக்குத்தான்.

மிஸிஸ் பென்ஃபோல்ட் துணியும் கையுமாக நின்று, அடுப்பைத் துடைக்கவும் விடமாட்டேன் என்கிறீர்கள், என்னதான் நடக்கிறது என்று கேட்டா. நான் சந்தோசத்தில் மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டினேன். புது வீட்டில் நாங்கள் முதலில் பால் காய்ச்சுவோம், அது பொங்கி வழிந்தால் வீடு நம்மை ஏற்றுக்கொண்டுவிட்டது, இங்கே நிறைவாக இருப்பாய், போகாதே என்று அர்த்தம் என்றேன்.

அவ துணியை மெல்ல மேசையில் வைத்தா. தீராந்தியை நிமிர்ந்து பார்த்தா. பிறகு என்னிடம் கேட்டா, அப்படியென்றால், இப்போது அது யாருக்குச் சொன்னது?

அந்தளவு இங்கிலீஷ் மச்சாளுக்கும் விளங்கும்.

"அடுப்பு ஆரின்ரயோ, பால் ஆரின்ரயோ, அவைக்குத்தான்," என்றா மச்சாள், யோசிக்காமல். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவவுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டா.

மிஸிஸ் பென்ஃபோல்ட் என் முகத்தையே பார்த்தா. தமிழ் அவவுக்குத் தெரியாது. நான் எதைச் சொன்னாலும் அதுதான் மொழிபெயர்ப்பு. வீடு வாங்க வருகிறவர்களுக்குத்தான் பால் பொங்கும் என்று சொன்னால் முடிந்தது, அந்தக் கூரை என்னுடையது. வசனம் வாய்க்குள் ஆயத்தமாக இருந்தது. ஆனால் அந்தக் கண்கள்! மூன்று வருசமாக எல்லோரும் போ, போ என்று சொன்ன ஒருத்திக்கு முதல் தடவையாக யாரோ இரு என்று சொல்லிவிட்டார்களோ என்று கேட்கிற கண்கள். படுபாவி, அந்த முகத்துக்குப் பொய் சொல்ல என்னால் ஏலவில்லை.

"உங்களுக்குத்தான்," என்றேன். "உங்கள் அடுப்பு, உங்கள் பால்."

அவ கதிரையில் அமர்ந்து, மேசையைக் கையால் தடவிக்கொண்டே இருந்தா. கோப்பி கறுப்பாகவே குடித்தோம். வாசலில் வைத்து மச்சாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நாளைக்குத் தொலைபேசியில் பேசுகிறேன் என்றா. கன்னம் இரண்டும் சிவந்து, பத்து வயது குறைந்தவபோல இருந்தா.

காருக்குள் ஏறியதும் ஒரே ஆரவாரம். மச்சாளுக்குத் தான் சொன்னது மறந்தேபோய்விட்டது, அல்லது மறந்தவபோல நடித்தா. சாமிப்படத்துக்கு எந்தச் சுவர், பொங்கலுக்கு எந்த முற்றம் என்று முன்சீட்டிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தா. கோபாலகிருஷ்ணன் மேல்தளம் போட்டு அறை பிரிக்கலாம் என்று வடை சுற்றிய தாளில் படம் கீறினார். என் கணவர் ஒழுங்கையால் காரை மெல்லப் பின்னோக்கி எடுத்துத் திருப்பினார். கடல் திரும்பி ஏறத் தொடங்கியிருந்தது. சேற்றில் கிடந்த படகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

நான் மட்டும் திரும்பிப் பின் கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தேன். மிஸிஸ் பென்ஃபோல்ட் வாசலை விட்டு இறங்கி வந்தா. சாய்ந்திருந்த பலகைக்குக் கிட்டப் போனா. இரண்டு கையாலும் அதன் காலைப் பிடித்து, குனிந்து, முழு உடம்பையும் கொடுத்தா.

நிமிர்த்துகிறாவோ? பிடுங்குகிறாவோ?

"நிப்பாட்டுங்கோ! இஞ்சேருங்கோ, காரை ஒருக்கா நிப்பாட்டுங்கோ!" என்று நான் கத்தினேன். அவர் பிரேக்கை மிதிப்பதற்குள் ஒழுங்கை வளைந்துவிட்டது. வேலிக்கு மேலால் சிவப்புக் கூரை மட்டும் தெரிந்தது. அதற்குக் கீழே பலகையின் வெள்ளை நுனி ஒரு தடவை ஆடியது.