உள்ளே விடும் துணி

மத்தியானத்தில் எங்கள் தையல் கடைக்கு ஈ காக்கை வராது. அப்போதுதான் நானும் அக்காவும் ஆங்கில இலக்கணப் பயிற்சிப் புத்தகத்தை எடுப்போம். அக்கா ஒரு வாக்கியத்தைப் படிப்பாள். அதை நான் வேறு விதமாக மாற்றி எழுத வேண்டும். ஆனால் அர்த்தம் மாறக்கூடாதாம்.

இஸ்திரிப் பெட்டியின் ஆவியில் கண் சொக்கும். புத்தகத்து மனிதர்கள் ஒவ்வொருவராகக் கடைக்குள் வருவார்கள். ரயிலைத் தவறவிட்டவன் அளவெடுக்கக் கையைத் தூக்கி நிற்பான். காருக்கு ஏங்குகிற பெண், "தோள் இறங்குதுங்க" என்பாள். ஆளுக்கொரு வாக்கியத்தைப் பிரித்துத் தைத்து அனுப்புவேன்.

"ஏன்டி, ஒவ்வொரு பதில் முடிவுலயும் ரெண்டு விரல் இடம் விட்டிருக்க? முற்றுப்புள்ளி எங்க?" அக்கா என்னை உலுக்கினாள்.

"உள்ள துணி விடாம தைச்சா, நாளைக்கு இறுக்கமானா பிரிச்சு விட முடியுமா?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அடுத்ததைப் படித்தாள்: 'அவள் தன் கணவனைப் பார்த்து வருடக்கணக்காகிறது.'

சிரிப்பு நின்றது. அத்தான் சொல்லாமல் கொள்ளாமல் போய் இது நாலாவது வருடம். புத்தகம் எழுதியவனுக்கு எங்கள் வீட்டில் என்ன வேலை?

'அவள் கணவனை வருடக்கணக்காகப் பார்க்கவில்லை' என்று ஆங்கிலத்தில் மாற்றி எழுதி, வழக்கம்போல் இடம் விட்டேன்.

அக்கா பென்சிலைப் பிடுங்கி, கடைசி எழுத்தை ஒட்டி, தாள் கிழிகிற மாதிரி ஒரு புள்ளி வைத்தாள்.

"இதுக்குத் துணி விடாதே. ஒட்டத் தைச்சிடு."