நாலு இலக்கம்

நாற்பத்தொரு மணித்தியாலம் ஆகிவிட்டது. புதன்கிழமை பின்னேரம் நாலு மணிக்குச் செய்த காரியத்தை வெள்ளி காலை ஒன்பது மணிவரை சுஹைறா யாரிடமும் சொல்லவில்லை. மீன் ரோலுக்குக் கிழங்கு மசிக்கும் கை மட்டும் வழக்கத்தைவிட வேகமாக ஓடியது.

மச்சான் நளீம் கல்முனைக்குப் போயிருந்தார். வெள்ளிதோறும் போய், சாமான் வாங்கிக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்கு முன் நிந்தவூர் திரும்பிவிடுவார். சுஹைறாவின் வங்கிக் கார்டு அவருடைய சட்டைப் பையில்தான் இருக்கும். கணவன் மிஹ்லார் கத்தாருக்குப் போன நாளிலிருந்து அப்படித்தான். நளீம் ராத்தாவின், அதாவது அவளுடைய மூத்த சகோதரியின், புருஷன். வேலிக்கு அடுத்த பக்கம் அவர்களது வீடு. உம்மா தன் வளவை இரண்டாகப் பிரித்து மகள்மார் இருவருக்கும் சீதனமாக எழுதியிருந்தா. வீடு சுஹைறாவின் பெயரில். கார்டும் அவள் பெயரில்தான்.

நளீம் ஒரு சதமும் பிசகமாட்டார். அரிசிக்கும் பருப்புக்கும் பிள்ளைகளின் கொப்பிக்கும் பில் கொண்டுவந்து மேசையில் வைப்பார். அதுதான் சிக்கல். களவெடுக்கிறவராக இருந்தால் சண்டை பிடிக்கலாம். நல்ல மனிதரிடம் கார்டைத் திருப்பித் தரும்படி எந்த வாயால் கேட்பது?

கேட்க வேண்டிய தேவை இந்த வருஷம் வந்தது. அவளுடைய ரோல்களை ஊர்க் கடைகள் நாலைந்து எடுத்தன. ஒலுவில் துறைமுகத்தில் மீன் மலிந்து கிடக்கும் நாளில் வாங்கி வைக்க இடமில்லை. விலை ஏறிய நாளில் அடுப்பே மூட்டுவதில்லை. ஒரு பெரிய குளிர்ப்பெட்டி இருந்தால் போதும். வங்கியில் அதற்கு வட்டியில்லாத வழியும் இருந்தது. பெட்டியை வங்கியே வாங்கி, தன் இலாபத்தைச் சேர்த்து ஒரே விலை சொல்லித் தவணைக்குத் தரும். ஆனால் கணக்கை அவரவர் கையால் நடத்தியிருக்க வேண்டும். கார்டு இன்னொருவர் பையில் இருந்தால் விண்ணப்பமே இல்லை.

இதைச் சொன்னவள் வங்கியிலிருந்து வந்த றுமானா. மகளிர் சங்கக் கட்டிடத்தில் புதன்கிழமைகளில் வகுப்பு வைத்தாள். முதல் நாள் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கார்டு போட ஒரு வாய் வெட்டி, பட்டன்களைப் பேனாவால் வரைந்திருந்தாள். பெட்டிக்குப் பின்னால் அவளே குந்தியிருந்து, காசுக்குப் பதிலாக பிஸ்கற் நீட்டினாள்.

"மிஷின் தேத்தண்ணி தராதா மிஸ்?" என்று வகுப்பிலேயே வயதான சல்மா உம்மா கேட்க, கட்டிடமே சிரித்தது.

இரண்டாம் வகுப்பில் றுமானா, "நாலு இலக்கம் மனசுல நினைங்க. வாயால சொல்லாதீங்க," என்றாள். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "இப்ப பாதிப் பேருட நம்பர நான் சொல்லட்டா? ஏழு, எட்டு, ஆறு. முன்னுக்கு இல்லாட்டிப் பின்னுக்கு ஒரு சைபர்."

ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். 'அல்லாஹ்வின் பெயரால்' என்னும் பிஸ்மில்லாஹ்வுக்குப் பதிலாக எழுதும் எண் அது. ஊரில் வான் வண்டிக் கண்ணாடியிலும் கடை வாசலிலும் இருப்பது.

"அல்லாஹ்ட பேர்ல வெச்சா பறக்கத்துத்தானே?" என்றா சல்மா உம்மா.

"பறக்கத்துத்தான் உம்மா. ஆனா கள்ளனுக்கும் அது மனப்பாடம்."

சுஹைறா சிரிக்கவில்லை. அவள் கார்டின் எண்ணும் அதுதான். வைத்தவர் நளீம். ராத்தாவுக்குத் தெரியும், ராத்தாவின் மகனுக்குத் தெரியும், மச்சான் ஒருநாள் காய்ச்சலில் கிடந்தபோது ஆட்டோக்காரருக்கும் தெரிந்தது.

வகுப்பு முடிந்ததும் அவள் கதவடியில் நின்றாள். "மிஸ், கார்டு நம்மட கையில இல்லாட்டி என்ன செய்யிற?"

"ஆருட கையில?"

"நல்ல ஆள்தான்."

"நல்ல ஆளெண்டா கேட்டாத் தருவாருதானே."

"கேக்கத்தான் ஏலாம இரிக்கி."

றுமானா கொஞ்சம் யோசித்தாள். "கடைசி வகுப்புக்கு எல்லாரையும் கல்முனைக்கு, உண்மை மிஷினுக்குக் கூட்டிப் போறன். கார்டக் கொண்டுவரச் சொல்லி மிஸ் சொன்ன எண்டு சொல்லுங்க. அங்க என்ன செய்யிறதெண்டது உங்கட முடிவு."

கடைசி வகுப்பு நாளான இந்தப் புதன்கிழமை நளீம் கார்டைத் தந்தார். "கவனம் புள்ள. மிஷின் முழுங்கிச்செண்டா எனக்குத்தான் அலைச்சல்."

இயந்திரத்தின் முன் ஒருத்தி நிற்க, மற்றவர்கள் வகுப்பில் படித்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சுஹைறா எல்லோரையும்விடக் கூடநேரம் நின்றாள்.

"என்னகா, மிஷினோட கலியாணம் பேசுறியா?" என்று வெளியிலிருந்து சல்மா உம்மா கத்தினா.

வீட்டுக்கு வந்ததும் நளீம் வழக்கம்போலக் கை நீட்டினார். பேருந்தில் வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தை வாய்க்கு வருமுன்னே கை தன்பாட்டில் கார்டைக் கொடுத்துவிட்டது.

இப்போது, வெள்ளி காலையில், மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நளீம் வெறும் பையோடு உள்ளே வந்தார். சத்தம் கேட்டு ராத்தா நதீராவும் வேலிக் கடவையால் வந்துவிட்டா.

"கார்டப் பழுதாக்கிப் போட்டாங்க!" நளீமின் முகமெல்லாம் வியர்வை. "ரெண்டு தரம் அடிச்சன். நம்பர் பிழையாம். இன்னொருக்கா அடிச்சா உள்ளுக்கே எடுத்துடும்."

"நான் அப்பவே சொன்ன," என்றா ராத்தா. "பொம்புளைகளுக்கு என்னத்துக்கு மிஷின் வகுப்பு?"

"எல்லாம் அந்த மிஸ்ஸுட வேல. ஜும்ஆ முடிய மனேஜருக்கிட்டப் போறன். பதில் சொல்லாம அவ வேல பார்க்க ஏலா. மிஹ்லாருக்கும் சொல்லத்தான் வேணும்."

சுஹைறா கையில் ஒட்டியிருந்த கிழங்கைக் கழுவினாள். துடைத்தாள். கையை நீட்டினாள்.

"கார்டத் தாங்க மச்சான்."

"பழுது எண்டுறன், உனக்கு என்னத்துக்கு?"

"தாங்க."

அவள் அப்படி நின்று அவர் பார்த்ததில்லை. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கார்டில் அவருடைய சூடு இருந்தது. அவள் அதை விரல்களுக்குள் மூடிக்கொண்டாள்.

"மிஸ் ஒண்டும் செய்யல்ல. கார்டும் பழுதில்ல." அவரை நேராகப் பார்த்தாள். "நம்பர நான் மாத்திட்டன் மச்சான்."