நாற்பத்தொன்பது அளவு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கதை எழுதக் கிளம்பவில்லை. சைக்கிள் வாங்கத்தான் கிளம்பினேன். கூரைக்கு அடியில், வளைந்து சரியும் பலகைத் தடத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டுவதற்கான சைக்கிள். பிரேக் கிடையாது, கியர் மாற்ற முடியாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். கையைக் கடிக்காத விலையில், புதிதாகப் பழகுகிறவருக்கு ஏற்றது எது என்று கடைகடையாக விசாரித்துக் குறிப்பெடுத்தேன். குறிப்பு வளர்ந்தது, சைக்கிள் வரவில்லை.

"சைக்கிள் வாங்கப் போனவ கதையைத் தூக்கிட்டு வந்திருக்கே," என்றார் என் வீட்டுக்காரர். "இதையாவது ஓட்டத் தெரியுமா?"

தெரியாது. பார்ப்போம்.

2

அவள் கடைக்குள் நுழைந்தபோது வெளியே மழை

வேண்டாம். எனக்கு ஒன்றும் தோன்றாதபோதெல்லாம் கதையில் மழை பெய்துவிடுகிறது.

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து, "இது தெளிவா, அது தெளிவா" என்று ஊராரைக் கேட்பவள். ஆள் நல்ல உயரம். அவள் இருக்கும் வீட்டில் ஒட்டடைக்கம்புக்கு வேலை இல்லை.

இது நிற்கிறது. வைத்துக்கொள்கிறேன்.

சைக்கிள் கடைக்காரர் இரண்டு சைக்கிள்களைக் காட்டினார். ஒன்று பளபளவென்று இருந்தது, விலையும் குறைவு. அவள் கை அதன்மேல்தான் போனது.

"அது ரோட்டுக்குதான் மேடம். பெடல் ரொம்பத் தாழ இருக்கு, சரிவுல மெதுவாப் போனா பலகையில இடிச்சுடும். இதைப் பாருங்க. ஃப்ரேம் அலுமினியம், முன் சக்கரத்தைப் பிடிக்கிற கவட்டை இரும்பு. கொஞ்சம் கனம்தான், ஆனா தடத்துக்குன்னே செஞ்சது. சக்கரத்தை அப்புறமா நல்லதா மாத்திக்கலாம். ஃப்ரேமை மாத்த முடியாது பாருங்க."

"அப்ப இதுவே இருக்கட்டும்," என்றாள். "நாப்பத்தொம்பது சைஸ்ல குடுங்க."

3

இங்கேதான் எனக்குக் கை தவறியது. எழுத நினைத்தது ஐம்பத்தாறு.* நாற்பத்தொன்பது குட்டையானவர்களுக்கு. அவள் ஏறி உட்கார்ந்தால் முழங்கால் கைப்பிடியில் முட்டும். திருத்தலாம் என்று பேனாவை எடுப்பதற்குள் கடைக்காரர் முந்திக்கொண்டார்.

"உங்களுக்கா மேடம்? உங்க உயரத்துக்கு இது பத்தாதே."

சிரித்துக்கொண்டே "ஐயோ, மாத்திச் சொல்லிட்டேன்" என்றிருந்தால் நானும் திருத்தியிருப்பேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. சைக்கிளின் குறுக்குக் கம்பியில் கையை வைத்தபடி, "எனக்கில்ல, தங்கச்சிக்கு," என்றாள். அவளுக்கு ஒரு தங்கை இருப்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

(* இருக்கைக்குக் கீழே இறங்கும் குழாயின் நீளம், சென்டிமீட்டரில். ஏழு சென்டிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தவள்தான் நானும்.)

4

இரண்டு வருடத்துக்கு முன் அக்காவும் தங்கையும் சேர்ந்தே பயிற்சிக்குப் போனார்கள். யோசனை தங்கையுடையது, அக்காவைத் தரதரவென்று இழுத்துப்போனவளும் அவள்தான். வாடகைக்கு இருந்தவற்றில் மிகச் சின்ன சைக்கிளே அவளுக்குப் பெரிது. எட்டி எட்டி மிதித்தாள். ஆறாவது வாரம், சுற்று முடிந்த களைப்பில், தெருவில் ஓட்டிய பழக்கத்தில் காலை நிறுத்திவிட்டாள். பெடல் நிற்கவில்லை, ஆளைத் தூக்கி எறிந்தது. காறை எலும்பு முறிந்தது.

எலும்பு ஒட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் எல்லார் முன்னாலும் அக்கா சொன்னதுதான் ஆறவில்லை. பயத்தில் சொன்னது.

"இந்த உயரத்தை வெச்சுக்கிட்டு உனக்கு எதுக்குடி இதெல்லாம்?"

"சரிக்கா," என்றாள் தங்கை.

சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருக்கலாம். 'சரிக்கா'வை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பேச்சு குறைந்தது. தங்கை வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போனபின் நின்றே போனது. பிறந்தநாளுக்குப் பூப்படத்தோடு ஒரு வாழ்த்து வரும், அவ்வளவுதான். அக்கா வாரம் தவறாமல் தனியாகத் தடத்துக்குப் போகிறாள். குட்டையாக யாராவது முந்திப்போனால் முகம் தெரிகிறதா என்று பார்க்கிறாள்.

(எனக்குத் தங்கை இருக்கிறாளா என்று கேட்காதீர்கள். அவளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. எந்த அவளை என்று சொல்லமாட்டேன்.)

5

முதலில் எழுதிய முடிவில் தங்கை ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டு

எழுதும்போதே கூச்சமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

அடுத்ததில் அக்கா புத்தியாக ஐம்பத்தாறு அளவை வாங்கினாள். அவளால் ஒன்றுதான் வாங்க முடியும், தனக்கென்று வாங்கிக்கொண்டதில் தப்பும் இல்லை. வீட்டுக்காரருக்கு இது பிடித்தது. ஆனால் 'அந்தச் சைக்கிளில் ஏறிய நாளிலிருந்து அவள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை' என்று ஒரு வரி தானாக வந்து விழுந்தது. எழுந்து போய்விட்டேன்.

இப்போது இருப்பது இதுதான். கடைக்காரர் ஸ்பேனரோடு குனிந்திருக்கிறார்.

"ஓட்டப்போறவங்க உயரம் சொல்லுங்க, சீட்டைச் சரிபண்ணிடறேன்."

"என் தோளுக்கு வருவா."

"குத்துமதிப்பா வெக்க முடியாது மேடம், கால் அளவு வேணும். ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்களேன்."

அவள் போனை எடுத்துவிட்டாள். எண்ணை அழுத்திவிட்டாள். மணி அடிக்கிறது.

இதற்குமேல் எனக்குத் தெரியாது. நான் மணி அடிப்பதற்குள் வைத்துவிடுகிறவள். உங்களில் யாராவது வைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள், மீதியை நீங்கள்தான் எழுத வேண்டும். எழுதியபின், தங்கை முதலில் என்ன சொன்னாள் என்பதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.